நலம் விசாரிக்கச் செல்கையில் எதைக் கொண்டு செல்கிறோம்?

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தினக் கூட்டத்தில், இளைஞர் பிரிவின் நலம் விசாரிப்புக் குழு சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஐம்பது ஆண்டுகளில் சங்கம் செய்த பணிகளை எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். கல்வி நிதி, திருமண உதவி, ஜனாஸா உதவி, நோன்புக் கஞ்சி என்று எல்லாம் வந்துவிட்டது. நாங்கள் பேச வந்திருப்பது ஆண்டறிக்கையில் எப்போதும் ஒரே வரியில் முடிந்துவிடும் ஒரு பணியைப் பற்றி. 'நோயுற்ற உறுப்பினர்களைச் சந்தித்து நலம் விசாரிக்கப்பட்டது' என்பதே அந்த வரி.

நோயாளியைப் பார்க்கப் போவது நமக்குப் புதிதல்ல. ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளில் அதுவும் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோதும் நாயகம் அவர்கள் நேரில் போய்த் தலைமாட்டில் அமர்ந்தார்கள். ஆகவே போகவேண்டுமா என்பதல்ல கேள்வி. போகும்போது எதைக் கொண்டு போகிறோம் என்பதுதான்.

நம் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆப்பிள் ஒரு பை, மைலோ ஒரு டின், உறைக்குள் கொஞ்சம் பணம், ஒரு துஆ. எல்லாம் நல்லவைதான். ஆனால் முதல் ஐந்து நிமிடம் கழிந்த பிறகு என்ன நடக்கிறது? 'எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, டாக்டர் என்ன சொன்னார்' என்ற மூன்று கேள்வியும் முடிந்துவிடும். அதன்பிறகு சிலர் கைபேசியைப் பார்ப்போம். சிலர் நமக்குள்ளேயே கடை விஷயம் பேசிக்கொள்வோம். இன்னும் சிலர், 'எங்க மச்சானுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு' என்று ஆரம்பித்து, அந்த மச்சான் மவுத்தான கதையில் கொண்டுபோய் முடிப்போம். படுத்திருப்பவர் முகத்தை அப்போது பார்க்கவேண்டும்!

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வரும் வெறுமையை எதைக்கொண்டு நிரப்பலாம் என்று யோசித்தபோது எங்களுக்குக் கிடைத்த விடை, நம் வீடுகளிலேயே இருந்த ஒன்றுதான். பாட்டு, கதை, படம், அழகான எழுத்து. சுருங்கச் சொன்னால் கலை.

கலை என்றதும் சிலர் நெற்றி சுருங்குவது தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம்மில் பலருடைய வீட்டில் புர்தா ஓதப்படுகிறது. அந்தக் கவிதை பிறந்த வரலாறு மூத்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்தவர் இமாம் பூஸீரி அவர்கள். பக்கவாதம் வந்து உடலின் ஒரு பக்கம் செயலிழந்து படுத்திருந்த நிலையில் நாயகத்தின் மீது அந்தக் கவிதையை இயற்றினார்கள். கனவில் நாயகம் அவர்கள் தம் போர்வையைப் போர்த்தக் கண்டு, விழித்தபோது நலமடைந்திருந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஏறத்தாழ 160 அடிகள், பத்துப் பகுதிகள். நோயாளி ஒருவர் படுக்கையில் இருந்தபடி இயற்றியது, எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மற்ற நோயாளிகளின் பக்கத்தில் இருந்து ஓதப்பட்டு வருகிறது.

நம் தமிழுக்கு வருவோம். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம் புலவர்கள் கொண்டுவந்த வடிவங்களைப் பட்டியலிடுவார்கள். இவற்றில் முனாஜாத்து என்பது அடியான் தன் இறைவனிடம் தனியே முறையிடுவது. துன்பம் வந்த மனிதன் சொல்ல நினைத்தும் சொல் வராமல் தவிக்கும்போது, அவனுக்காகப் புலவர் சொல் தேடிக் கொடுத்து வைத்திருக்கிறார். இது நம் சொத்து.

மருத்துவமனைக்கும் இது புதிதல்ல. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இலும் கட்டிய மருத்துவமனைகள் பெயர்பெற்றவை. பீமாரிஸ்தான் என்பார்கள், பாரசீக மொழியில் நோயாளிகளின் இடம் என்று பொருள். துருக்கியின் எதிர்னே நகரில் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டி முடித்த மருத்துவமனை இன்றும் நிற்கிறது. பெரிய குவிமாடம், அதன் நடுவே நீரூற்று, சுற்றிலும் நோயாளிகளின் அறைகள். பயணி எவ்லியா செலபி 17ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்: பத்துப் பேர் கொண்ட இசைக்குழு வாரம் மூன்று முறை நோயாளிகளுக்காக இசைத்ததாம். மலர்களின் மணமும் தண்ணீரின் ஓசையும்கூட அங்கே சிகிச்சையில் சேர்த்தி. இன்று அந்தக் கட்டடம் மருத்துவ அருங்காட்சியகமாக இருக்கிறது.

இக்கால ஆய்வுகளிலும் இதற்கு இடம் இருக்கிறது. 1984இல் ரோஜர் அல்ரிக் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டார். பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், மறுபாதிக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. நம் ஈசூனில் 2010இல் திறக்கப்பட்ட கூ தெக் புவாட் மருத்துவமனைக்குப் போனவர்கள், மாடிக்கு மாடி செடிகொடியும் பக்கத்தில் குளமுமாக அதை ஏன் அமைத்தார்கள் என்று யோசித்திருப்பீர்கள். கண் எதைப் பார்க்கிறது என்பதும் வைத்தியத்தில் ஒரு பங்குதான். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை ஒன்று 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோயைத் தடுப்பதிலும் தாங்குவதிலும் கலைக்குப் பங்கு உண்டு என்று சொன்னது. கலை மருந்துக்கு மாற்று என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இனி, எங்கள் குழு கண்டவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறோம். யார், எந்த மருத்துவமனை என்ற விவரம் வேண்டாம். நோயாளியின் விஷயம் அமானிதம்.

முதலாவது, பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒரு பெரியம்மா. எல்லாம் புரிந்தது, கண்ணில் தெளிவு இருந்தது, வாயில் சொல் மட்டும் வரவில்லை. பெற்ற மகனின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் அழுதார்கள். மகளிர் பிரிவிலிருந்து போன இருவர் பக்கத்தில் அமர்ந்து, மவ்லிது மஜ்லிஸில் நாம் வழக்கமாகப் பாடும் ராகத்தில் மெதுவாக சலவாத்துப் பைத்து சொன்னார்கள். மூன்றாவது முறை வந்தபோது பெரியம்மாவின் உதடும் சேர்ந்தது. நான்காவது முறை குரலே வந்தது, சொல்லோடு வந்தது! பேச்சுச் சிகிச்சையாளர் பிறகு விளக்கினார். பேச்சுக்கான பகுதி மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலர், பேச முடியாத சொல்லைப் பழகிய ராகத்தில் பாடிவிடுவார்களாம். இதை வைத்தே 1973இல் பாஸ்டனில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பெரியம்மா அதோடு குணமாகிவிட்டார்கள் என்று நாங்கள் கதை சொல்லப் போவதில்லை. வீடு திரும்பும்போதும் பேச்சு சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் தன் குரலைத் தன் காதால் கேட்ட அந்த நாளிலிருந்து பயிற்சிக்கு மறுப்புச் சொல்லவில்லை என்று மகன் சொன்னார்.

இரண்டாவது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்ட நம் மூத்த உறுப்பினர் ஒருவர். ஒருமுறை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே நாற்காலி. தொலைக்காட்சியில் ஓடுவது அவருக்குப் புரியாத மொழி. 'நேரம்தான் என்னைக் கொல்லுது தம்பி' என்றார். இளமையில் ஊரில் சீறாப்புராண விரிவுரை கேட்டவர். எங்கள் குழுவில் வணிகர்கள் அதிகம், கணக்குப் போட்டுப் பார்த்தோம். சீறாவில் 5,027 பாடல்கள். ஒரு நாளைக்கு 20 பாடல், சுருக்கமான பொருளோடு அரை மணி நேரம். வாரம் 60 பாடல் என்றால் 84 வாரம் வரும். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சகோதரி ஒருவர் பொருளைச் சரிபார்த்துத் தர, ஆளுக்கொரு பகுதியாகக் கைபேசியில் பதிவுசெய்து அனுப்பினோம். இரண்டாம் வாரத்திலேயே அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்: 'நாளைக்கு யாரு குரல்? அந்தப் பொடியன் அவசரமாப் படிக்கிறான், நிறுத்திப் படிக்கச் சொல்லுங்க.'

சகோதரர்களே, நாளைக்கு என்ன வரும் என்று ஆவலோடு காத்திருப்பதற்கு நோயாளிக்கு ஒன்று இருக்கவேண்டும். ஊசியும் பரிசோதனை முடிவும் மட்டுமே நாளைக்கு வருவதாக இருந்தால் நாளை என்பதே அவருக்குப் பயமாகிவிடும். விலாதத்துக் காண்டம் முடிந்தது. நுபுவ்வத்துக் காண்டம் பாதி போயிருந்தபோது, எட்டு மாதம் கடந்த நிலையில், அவர் மவுத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பதிவை நிறுத்திவிடலாமா என்று நாங்கள் தயங்கினோம். இத்தா இருந்த அவருடைய துணைவியார் ஆள் அனுப்பிச் சொன்னார்கள்: 'நிறுத்தாதீங்க. மிச்சத்தை நான் கேட்கிறேன்.' உமறுப்புலவரும் நாயகத்தின் வாழ்வை முழுமையாகப் பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வது நம் மரபிலேயே இருக்கிறது.

மூன்றாவது, விபத்தில் கால் முறிந்து படுத்திருந்த ஓர் இளைஞர். மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்துவந்தவர். நாங்கள் போனதும், 'பாட்டெல்லாம் வேண்டாம் அண்ணே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, வேறென்ன வேண்டும் என்றோம். வெகுநேரம் கழித்து, 'ஒரு பென்சிலும் தாளும் கிடைக்குமா' என்றார். மோட்டார் சைக்கிள் வரைந்தார், தத்ரூபமாக! அதைக் கட்டிலருகே ஒட்டி வைத்தோம். அடுத்த கட்டிலில் ஒரு சீனப் பெரியவர். அவருக்கு ஹொக்கியன் மட்டும்தான் தெரியும், நம் பையனுக்கு அது தெரியாது. ஆனால் படத்தைக் காட்டி, கையசைத்து, தமக்கு ஒரு படகு வேண்டும் என்று புரியவைத்துவிட்டார். பையன் வரைந்தான். பெரியவர் தலையை ஆட்டி, பின்பக்கத்தைத் திருத்தச் சொன்னார். திருத்தினான். மூன்று நாளில் அந்தப் படகு சரியாக வந்தது. நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு பென்சில். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். நோயாளி என்றால் எப்போதும் வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே இருக்கிறார். மருந்து, சாப்பாடு, உதவி, அனுதாபம் எல்லாவற்றையும் வாங்குகிறார். கொடுக்கும் இடத்துக்கு ஒரு நாழிகை அவரை வரவைப்பதே பெரிய ஆறுதல்.

நம்மிடையே எழுப்பப்பட்ட ஆட்சேபங்களுக்கும் மரியாதையோடு பதில் சொல்லவேண்டும்.

இசை கூடுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கில்லை, உலமாக்களுக்கே உண்டு. அதனால்தான் எங்கள் குழு வாத்தியம் எதுவும் எடுத்துப்போவதில்லை, மனிதக் குரல் மட்டுமே. குர்ஆன் ஓதுவதை நாங்கள் கலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வஹீ, அதன் இடம் தனி. ஆனால் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் குரலைத் தாவூது நபியின் குடும்பத்தாருக்கு அருளப்பட்ட இனிமையோடு ஒப்பிட்டு நாயகம் அவர்கள் பாராட்டியதை ஹஜ்ரத்மார்களே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல குரல் அல்லாஹ்வின் நிஃமத். அதை மஜ்லிஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் படுக்கையருகிலும் செலவிடலாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

'பில் கட்ட வழியில்லாதவனுக்குப் பாட்டு எதற்கு' என்றும் கேட்டார்கள். இந்தக் கேள்வியை நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம். மருந்துக்குப் பணமில்லாதவர் முன்னால் பைத்துப் பாடிக்கொண்டு நிற்பது கேலி. ஆகவே மருத்துவ உதவி நிதியிலிருந்து ஒரு வெள்ளிகூட இதற்கு வேண்டாம். கெய்ரோவில் கலாவூன் மருத்துவமனையை நடத்தியது வக்ஃபு வருமானம். ஏழை, பணக்காரர் என்று பாராமல் சிகிச்சை தருவதே அதன் நிபந்தனை. முதலில் சிகிச்சை, அதோடு சேர்த்து ஆறுதல் என்ற வரிசையில்தான் நம் முன்னோர் வைத்தார்கள். எங்கள் செலவு பென்சில், தாள், பேருந்துக் கட்டணம். அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

நோயாளிக்கு ஓய்வுதானே வேண்டும் என்றும் சொன்னார்கள். உண்மை. அதற்காகவே சில ஒழுங்குகளை வைத்திருக்கிறோம். தாதியிடம் அனுமதி, அதன்பிறகு நோயாளியிடம் அனுமதி. வேண்டாம் என்றால் சலாம் சொல்லிவிட்டுத் திரும்புவது. இருவருக்கு மேல் போகக்கூடாது, கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. குரல் அடுத்த கட்டிலைத் தாண்டக்கூடாது. பிள்ளைகள் வரைந்த படங்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும்படி பிளாஸ்டிக் உறையிட்டே கொடுப்பது. சளி, காய்ச்சல் இருப்பவர் போகக்கூடாது. எக்காரணம் கொண்டும் புகைப்படம் எடுக்கக்கூடாது. நோயாளியின் படுக்கை நம் ஃபேஸ்புக்குக்கான மேடை அல்ல. அடுத்த வியாழன் வருகிறோம் என்று சொன்னால் அடுத்த வியாழன் போய்விடவேண்டும். போக முடியாது என்றால் சொல்லவே கூடாது.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம். அந்த ரமலானில் பள்ளிவாசல் கதவுகள் மூடியிருந்தன. மருத்துவமனையில் இருப்பவரைப் பிள்ளைகளே போய்ப் பார்க்க முடியாத காலம். அப்போது பேரப்பிள்ளைகள் ஓதியதையும் பாடியதையும் பதிவுசெய்து கைபேசியில் அனுப்பிய குடும்பங்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். தாதி ஒருவர் கைபேசியைக் காதருகே பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொன்னீர்கள். ஆள் போகமுடியாத இடத்துக்குக் குரல் போயிற்று.

இறுதியாக, நம்மை உறுத்தவேண்டிய விஷயம் ஒன்று. நம் சமூகத்து முதியவர்கள் சிலர் தாதிமை இல்லங்களில் இருக்கிறார்கள். முதுமை மறதி நோய் வந்தவர்களுக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவிப்போவதுண்டு. பாசார் மலாயில் கடை நடத்தியவர், ஆங்கிலத்தில் கணக்கெழுதியவர், கடைசியில் உம்மா பேசிய தமிழுக்கே திரும்பிவிடுகிறார். அந்தத் தமிழில் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லாவிட்டால், அவர் பேசுவதை உளறல் என்றே எண்ணிவிடுவார்கள். தஞ்சோங் பகாரில் மசாலா இடித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய தலைமுறை அது. அவர்கள் உழைப்பில்தான் இந்தச் சங்கம் எழுந்தது. அவர்கள் காதில் ஒரு தாலாட்டு, ஒரு கிஸ்ஸா, நாகூர் ஹனிபா அவர்கள் பாட்டில் ஒன்றை நம் குரலில் பாடிக்காட்டுவது என்பது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. தாம் யார் என்பதை ஒரு கணம் திரும்பக் கொடுப்பது.

ஆகவே செயலவையின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, நலம் விசாரிப்புக் குழுவை இளைஞர் பிரிவின் முயற்சியாக மட்டும் விடாமல், மகளிர் பிரிவையும் இணைத்துச் சங்கத்தின் நிரந்தரப் பணியாக அறிவிக்கவேண்டும். ஆர்வம் இருக்கும்வரை நடந்து, ஆர்வம் குறைந்ததும் நின்றுபோகும் வேலையாக இது இருக்கக்கூடாது. இரண்டு, மூத்தவர்களுக்குத் தெரிந்த பைத்து, தாலாட்டு, முனாஜாத்து ஆகியவற்றை அவர்கள் குரலிலேயே இந்த ஆண்டுக்குள் பதிவுசெய்யவேண்டும். நாளை அவர்களே நோயாளியானால், அவர்களுக்குப் போட்டுக்காட்ட அவர்கள் பாட்டு நம்மிடம் இருக்கவேண்டும். மூன்று, நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை ஒரு படமோ அழகிய எழுத்தோ ஒரு நோயாளிக்காகச் செய்யவேண்டும். அது போட்டிக்காகவோ பரிசுக்காகவோ இருக்கக்கூடாது.

மறுமையில் அல்லாஹ், 'நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை வந்து பார்க்கவில்லையே' என்ற பொருளில் அடியானிடம் கேட்பதாக ஹதீஸ் குத்ஸி ஒன்று உண்டு. இன்ன அடியான் நோயுற்றிருந்தான், அவனைப் பார்க்கப் போயிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாய் என்பது அதன் கருத்து. வியாபாரிகளாகிய நாம் வரவு செலவு பார்த்துப் பழகியவர்கள். அந்தக் கேள்விக்கு வைத்துக்கொள்ள நம் பேரேட்டில் என்ன பதிவு இருக்கிறது என்று ஐம்பதாம் ஆண்டில் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

நம்மில் நோயுற்றிருப்போருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் தெம்பையும் தருவானாக. ஐம்பது ஆண்டு நம்மைத் தாங்கிய மூத்தவர்களுக்கு ஈருலகிலும் நற்பேறு அளிப்பானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.